கொக்குவில் புகையிரத நிலையம்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் புகையிரத வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொழும்புக் கோட்டையையும் கண்டியையும் காங்கேசன்துறையையும் பற்றிக் கூறி அமைவர். இடையிலுள்ள சிறு நிலையங்கள் நேர அட்டவணையிலே பெயரளவில் நின்றுவிடும். ஆயினும், புகையிரதம் மக்கள் வாழ்வில் எங்ஙனம் வேரூன்றியது என்பதை அறிய விரும்புவோர்க்குச் சிறு நிலையங்களே தக்க சான்றாவன. யாழ்ப்பாண நகரின் வடபால் அமைந்த புறநகராகிய கொக்குவிலின் நிலையம் அத்தகையதொன்றாகும்.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற் சேர்ப்பதே அப்பாதையின் தலையாய நோக்கம். கோப்பித் தோட்டங்கள் இல்லாத வடபகுதி நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. கொக்குவிலினூடாகச் சென்ற அப்பாதை அன்று தென்னிலங்கைப் பாதைகளோடு இணைந்திருக்கவில்லை. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாளிலேயே கொழும்பிலிருந்து நேரடி வண்டி காங்கேசன்துறையை அடைந்தது. எனவே, குடாநாட்டிற் புகையிரதம் முதலில் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான ஊர்தியாகவே ஓடியது. தலைநகர் செல்லும் வழியாக அது பின்னரே வளர்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என அடுத்தடுத்து நிலையங்கள் அமைந்தமை இவ்வியல்பையே காட்டும். காலையில் நகரத்துக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்வோரை ஊரவர் 'கோச்சி' என வழங்கிய அவ்வண்டி ஏற்றிச் சென்றது. சுன்னாகச் சந்தையும், 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் எதிர்த்திசைப் பயணத்துக்குக் காரணமாயின. சுருட்டுத் தொழிலாற் பெயர்பெற்ற கொக்குவிலுக்குத் தென்னிலங்கைச் சந்தையோடு தொடர்பும் இப்பாதையால் எளிதாயிற்று. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் தொடங்கிய யாழ்தேவியும், இரவுத் தபால் வண்டியும் உத்தியோகத்தர் குடும்பங்களின் வாழ்வை நெறிப்படுத்தின. விடுமுறையும் இடமாற்றமும் மங்கல அமங்கல நிகழ்வுகளும் வண்டி நேரத்தைக் கொண்டே திட்டமிடப்பட்டன. 1974இல் அயலூராகிய திருநெல்வேலியிற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தபோது மாணவர்க்கும் இந்நிலையம் அணித்தாயிற்று.

இத்தொடர்பு போரினால் அறுந்தது. 1987ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்திய அமைதிப் படையின் தாங்கிகள் பல்கலைக்கழகப் பகுதியை நோக்கி இருப்புப்பாதை வழியே நகர்ந்தன. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. வவுனியா வடபாதையின் முடிவிடமாயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகவும் அரணாகவும் பயன்பட்டன. பயணத்துக்கென இடப்பட்ட இரும்பு உயிர்காக்கும் கூரையானமை அக்காலத்தின் அவலத்தைப் புலப்படுத்தும்.

போர் 2009இல் முடிவுற்றபின் இந்திய நிதியுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் வண்டி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கொக்குவிலைக் கடந்து காங்கேசன்துறை வரை சென்றது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வண்டியோசையே கேளாது ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பாதுகாப்பற்ற கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகள், பாதையை மீள அமைப்பது மட்டும் போதாது, அதனோடு வாழும் பழக்கமும் காவலும் மீளவேண்டும் என்பதை உணர்த்தின.

கொழும்பிலிருந்து வரும் வண்டி முனையத்தை அடைவது நாட்டின் இணைப்புக்கு அடையாளமாகலாம். ஆனால் புறநகர் மாணவனும் தொழிலாளியும் வியாபாரியும் தத்தம் ஊரிலேயே ஏறி, நாளாந்தக் கடமைக்கு உரிய வேளையிற் சென்று மீளும்போதே 1902இல் தொடங்கிய பணி நிறைவுறும். புகையிரதச் சேவையின் மீட்சியைக் கணிப்போர் முனையங்களை மட்டுமன்றிக் கொக்குவில் போன்ற சிறு நிலையங்களையும் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.