ஆசிரியர்களுக்கான கடலறிவியல் கோடைப் பயிற்சி

ஆசிரியர்களுக்கான கடலறிவியல் கோடைப் பயிற்சி என்பது, பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் சில நாட்களோ சில வாரங்களோ கூடி, கடலையும் கடற்கரையையும் பற்றிய அறிவியலை நேரில் கண்டும் அளந்தும் கற்கும் பயிற்சி முறை ஆகும். பள்ளிகளில் கடலியல் பொதுவாகத் தனிப்பாடமாக இருப்பதில்லை. அலை இயற்பியலிலும், உவர்ப்பு வேதியியலிலும், மீன் உயிரியலிலும், பருவக்காற்று புவியியலிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஒரே கடலின் செயல்களாக ஆசிரியர் முதலில் காண வேண்டும் என்பதே இப்பயிற்சியின் அடிப்படை நோக்கம்.

இது கடலோரப் பள்ளிகளுக்கு மட்டும் உரியது என்று கருதப்படுவதுண்டு. திருவாரூர் மாவட்டத்தின் நன்னிலம் போன்ற ஊர்களை நோக்கினால் அக்கருத்து பொருந்தாது என்பது விளங்கும். அங்கிருந்து காரைக்கால் கடற்கரை நேர்த்தொலைவில் ஏறத்தாழ 25 கி.மீ. கிழக்கே உள்ளது. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் வெள்ளம் வடிவதையும் கிணற்று நீரின் சுவையையும் கடலே பெரிதும் தீர்மானிக்கின்றது.

வரலாறு

1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய பின்னர், அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடைகாலப் பயிற்சிகள் பெருமளவில் விரிவாக்கப்பட்டன. அதே முறையில் இந்தியாவிலும் 1963 முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய பாடங்களுக்குக் கோடைப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. அவ்வேளையில்தான் பல நாடுகளின் ஆய்வுக் கப்பல்கள் பங்கேற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணமும் (1959–1965) நடைபெற்றது. அதன் விளைவாக 1966 இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. ஆய்வுக்குக் கடல் கிடைத்தது, வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை.

கடலியலுக்கென்றே அமைந்த ஆசிரியர் பயிற்சிகளுள் மோரி திட்டம் நன்கு அறியப்பட்டது. அமெரிக்க வானிலையியல் கழகம் 1994 இல் இதனைத் தொடங்கியது. அன்னாபொலிசு நகரிலுள்ள கடற்படைக் கல்விக்கழகத்தில் இரண்டு வாரக் கோடைப் பட்டறையில் பயின்ற ஆசிரியர்கள், ஊர் திரும்பித் தம் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். 2005 இல் அமெரிக்க அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இணைந்து கடல் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஏழு கோட்பாடுகளை வகுத்தனர். புவியில் இருப்பது ஒரே பெருங்கடல் என்பது அவற்றுள் முதலாவது. யுனெசுகோ 2017 இல் இதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டது.

ஆழிப்பேரலையும் பள்ளிப் பாடமும்

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள மாய் காவோ கடற்கரையில், டில்லி சுமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல்நீர் நுரைத்து வழக்கத்திற்கு மாறாக இயங்குவதைக் கண்டு, ஆழிப்பேரலை வரப்போகின்றது எனப் பெற்றோரை எச்சரித்தாள். சுமார் நூறு பேர் அக்கரையிலிருந்து வெளியேறித் தப்பினர். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி அவளது வகுப்பில் இப்பாடத்தை நடத்தியிருந்தார்.

அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீனவர்கள் மட்டுமன்றி, கிறித்துமசுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூர்ப் பயணிகளும் மாண்டனர். நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரம் காலை 6.29 மணிக்கு, அலை இக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இடைவெளியில் எச்சரிக்கை ஏதும் வரவில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 இல்தான் நிறுவப்பட்டது.

இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. "கடல் முதலில் உள்வாங்கும், பிறகு அலை வரும்" என்று பலரும் கற்பிக்கின்றனர். புக்கெட்டிற்கு அது பொருந்தியது. நாகப்பட்டினத்திற்குப் பொருந்தவில்லை. சுந்தா அகழியை ஒட்டிய கடற்தரையின் மேற்குப் பகுதி உயர்ந்தது, கிழக்குப் பகுதி தாழ்ந்தது. ஆதலால் கிழக்கு நோக்கிச் சென்ற அலையின் முன்னே பள்ளம் சென்றது. மேற்கு நோக்கி வந்த அலையின் முன்னே முகடு வந்தது. தமிழகக் கரையில் நீர் முதலில் ஏறியது, அலைகளுக்கு இடையிலேயே உள்வாங்கியது. கடல் பின்வாங்கட்டும் என்று காத்திருந்தவர் தப்பியிருக்க முடியாது. அடையாளத்தை மனப்பாடம் செய்த ஆசிரியருக்கும் காரணத்தை அறிந்த ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அலையாத்திக் காடுகள் பற்றிய பாடத்திலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 சிற்றூர்களை ஆராய்ந்த கதிரேசன், ராசேந்திரன் ஆகியோர், காடு இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைந்தது என 2005 இல் எழுதினர். அதே தரவுகளை மறுபடி கணித்த வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து ஊரின் தொலைவும் நில உயரமுமே பெரிதும் காரணம் என 2006 இல் வாதிட்டனர். இரண்டையும் மாணவர் முன் வைப்பதே நேர்மையான பாடம்.

காவிரி வடிநிலத்தில்

அரசலாறு, திருமலைராசனாறு, முடிகொண்டான் ஆறு முதலிய காவிரிக் கிளைகள் நன்னிலம் வட்டாரத்தின் வழியே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. சரிவான நாட்டில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. தட்டையான வடிநிலத்தில் அதுவே ஆற்றின் வாயை அடைக்கப் போதுமானது. மேலும், வங்காள விரிகுடாவின் இக்கரையில் கடல்மட்டம் ஆண்டிலேயே உயர்ந்து நிற்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். 2008 நவம்பரில் நிசா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. மழை பெய்தது. சம்பா வயலில் நீர் ஏன் வடியவில்லை என்று மாணவர் கேட்டால், விடையின் பாதி கடலில் இருக்கின்றது.

நிலத்தடியில் நிகழ்வது இன்னொன்று. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு மிகுதி. எனவே தடையின்றித் திறந்த நீர்த்தாங்கியில், கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் உவர்நீரை அழுத்தி நிற்கும். இது கைபன்–எர்சுபெர்க் விதி எனப்படுகின்றது. இதனைத் திருப்பிப் படித்தால்தான் அதன் கடுமை புரியும்: இறைப்பினால் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உவர்நீர் 40 மீட்டர் மேலேறும். எனினும் வடிநிலத்தின் உவர்ப்பு முழுவதும் இன்று புகுந்ததன்று. பழங்காலத்தில் கடல் இருந்த இடங்களின் படிவுகளில் தங்கிவிட்ட உப்பும் உண்டு.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரையும் ஒரு லிட்டர் கிணற்று நீரையும் தராசில் நிறுத்தால், சுமார் 25 கிராம் வேறுபாடு தெரியும். நீரைக் காய்ச்சி வற்றச் செய்து எஞ்சும் உப்பை நிறுக்கலாம். பாடநூல் லிட்டருக்கு 35 கிராம் என்று கூறும். மழைக்காலத்திற்குப் பின் இக்கரையில் எடுத்த நீரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வடக்கே கங்கை முதலிய ஆறுகள் கொட்டிய நன்னீரை, அப்பருவத்தில் தெற்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம் கொண்டுவருவதே காரணம். அளவை தவறன்று, பாடநூலும் தவறன்று.

நிலையங்களும் பருவமும்

நன்னிலம் பகுதி ஆசிரியர்கள் எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில், வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும், 2012 இல் நிறுவப்பட்ட நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ளன. தெற்கே மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் உள்ளது. அந்நிறுவனம் 1947 இல் தோன்றியது.

கோடையைத் தேர்வு செய்வதில் ஒரு குறை உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், மே மாதத்தில் துறைமுகத்தில் பழுதுபார்க்கும் படகுகளையே மிகுதியாகக் காணலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12 ஆம் நாளுக்கு முன் ஆறுகளும் வறண்டிருக்கும். முகத்துவாரங்களில் மணல்திட்டு ஏறியிருக்கும், உவர்நீர் உள்ளே நெடுந்தொலைவு வந்திருக்கும். உவர்ப்பை அளக்க இதைவிடச் சிறந்த பருவம் இல்லை. வெள்ளம் வடியாமல் நிற்பதைக் காண்பதற்கோ, அதே ஆசிரியர்கள் அதே கடைமடை இயக்கு அணைக்கு ஐப்பசியில் ஒருமுறை மீண்டும் செல்ல வேண்டும்.