திறந்த சிறையும் நீதிமன்றமும்

மதிலும் பூட்டும் இல்லாத சிறை ஒன்று இருக்கலாகுமோ என வினவுவார் உளர். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகருக்கருகே 1936-இல் தோன்றிய நியூ ஹால் முகாம் அத்தகையதே. அடைத்து வைத்தே ஒருவனை விடுதலை வாழ்வுக்குப் பழக்க இயலாது என்பது அக்காலச் சிறை ஆணையர் அலெக்சாண்டர் பேட்டர்சனின் உறுதியான கருத்து. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கத்தானே வேண்டும்!

காலவரை குறிக்கப்படாத தண்டனை பெற்றோர்க்குத் திறந்த சிறை, விடுதலைக்கு முந்திய படியாயிற்று. வெளியே வேலைக்குச் சென்றும், வீட்டுக்குப் போய்த் திரும்பியும் தம் நம்பகத்தை மெய்ப்பிக்க அவர்க்குப் பெரும்பாலும் அங்கேதான் வாய்ப்பு. அப்படியில் கால் வைக்க விடலாமா என்பதைப் பரோல் வாரியம் ஆராய்ந்து கூறும்; முடிவு செய்பவரோ அமைச்சர். இடமாற்றத்தில் வாரியத்தின் சொல் அறிவுரையே அன்றி ஆணையன்று. இதனை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். வழக்குகள் இதிலிருந்தே கிளைத்தன.

நெடுங்காலம் நீதிமன்றங்கள் சிறைவாயிலோடு நின்றுவிட்டன. ஹல் சிறையில் 1976-இல் மூண்ட கலவரத்தை அடுத்து வழங்கப்பட்ட ஒழுங்குத் தண்டனைகள் பற்றிய வழக்கில், அவற்றையும் ஆராயலாம் என 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990-இல் கைதிகளை இடம் மாற்றும் ஆணைகளும் அவ்வாய்வுக்கு உட்பட்டன.

2022 ஜூன் மாதத்தில் நீதியமைச்சர் டோமினிக் ராப் விதிகளை இறுக்கினார். பொதுமக்களின் நம்பிக்கை குலையுமா என்பதும் ஓர் அளவுகோலாயிற்று. அதுவரை பெரும்பாலும் ஏற்கப்பட்ட பரிந்துரைகள் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. அளவுகோல்கள் பின்னர்த் திருத்தப்பட்டன எனினும், அதற்குள் வழக்குகள் பெருகின.

அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டியது. கைதியையும் சான்றளிப்போரையும் நேரில் கேட்டு வாரியம் கண்ட உண்மைகளை அமைச்சர் தள்ளுவதாயின் மிக வலிய காரணம் வேண்டும். வருங்கால ஆபத்தை மதிப்பிடுவதில் அவர் மாறுபடலாம், ஆயினும் வாரியத்தின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். மாணவனைக் காணாமல் விடைத்தாளை மட்டும் திருத்தியவர், நாள்தோறும் கற்பித்தவரின் சொல்லை எளிதில் ஒதுக்கலாகாது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

2005 முதல் விதிக்கப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சிறைத்தண்டனை 2012-இல் நீக்கப்பட்டது. முன்னரே அதனைப் பெற்றவர்க்கோ அந்நீக்கம் பொருந்தவில்லை. சில ஆண்டுகளே குறைந்தபட்சக் காலமாகக் குறிக்கப்பட்டவர்கள் பத்தாண்டு கடந்தும் உள்ளே இருந்தனர். இத்தகையோர்க்கு ஒரு மறுப்புக் கடிதம் ஆண்டுகளையே விழுங்கும். வழக்கில் வென்றாலும் நீதிமன்றம் பெரும்பாலும் அம்மறுப்பை நீக்குமேயன்றிக் கைதியைத் தானே மாற்றுவதில்லை. கோப்பு மீண்டும் அமைச்சரிடமே செல்லும். புதிய முடிவு வரும்வரை அவர் மூடிய சிறையிலேயே இருப்பார்.