சாய்ந்த கோபுரமும் சாய்ந்த பலகையும்

பைசா நகரின் சாய்ந்த கோபுரம். உச்சியிலே ஓர் இளைஞன். கையிலே இரு குண்டுகள், ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. கீழே பேராசிரியர்களும் மாணவர்களும் அண்ணாந்து நிற்கின்றனர். குண்டுகள் விழுகின்றன. இரண்டும் ஒன்றாக, ஒரே ஓசையாக! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை அந்த ஓசையிலே நொறுங்குகிறது. இளைஞன் பெயர் கலிலியோ!

இக்காட்சியை வகுப்பறையிலே வருணிக்கும்போதெல்லாம் நமக்கு உள்ளம் துள்ளும். ஒருநாள் அவ்வாறு வருணித்து முடித்ததும், கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அதைப் பார்த்தவர் யார்?" என்றான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. விடை தெரிந்திருந்தால் அன்றோ சிரிக்க!

தேடினோம். கதையை எழுதி வைத்தவர் விவியானி. கலிலியோவின் இறுதிக்கால மாணவர். அவர் பிறந்தது 1622இல். கதை நடந்ததாகக் கூறப்படுவதோ 1590ஐ ஒட்டிய காலம்! கோபுரத்தில் ஏறியதாகக் கலிலியோ தம் நூல்களில் எங்கும் எழுதவில்லை. வரலாற்று ஆசிரியர் பலரும் இக்கதையை ஐயுறுகின்றனர்.

புராணம் படிப்போனைப் பார்த்து "கண்டவர் யார்?" என்று கேட்கும் நாம், நமக்கு இனித்த கதையிடம் அக்கேள்வியைக் கேட்க மறந்தோம்! போகட்டும், கதைதானே போயிற்று. உண்மை வரலாறு அதனினும் இனியது.

கி.மு. நான்காம் நூற்றாண்டிலே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் இரண்டு கருத்துகளைச் சொன்னார். கனமான பொருள், தன் கனத்துக்கேற்ப விரைந்து விழும் என்பது ஒன்று. தள்ளுவோர் இருக்கும் வரைதான் பொருள் ஓடும் என்பது மற்றொன்று. அவரை அறிவிலி என்று எள்ளற்க! கல் விரைந்து விழுகிறது, இறகு மிதந்து வருகிறது. மாடு நின்றால் வண்டியும் நிற்கிறது. கண் காட்டியதைத்தான் அவர் சொன்னார். குற்றம் சொன்னவர்மீது அன்று. சொன்னதைச் சோதிக்காமல் நூற்றாண்டு நூற்றாண்டாய் ஓதிக்கொண்டிருந்தோர்மீது!

அனைவருமா ஓதினர்? இல்லை. ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பிலோப்பொனஸ், கனம் பெரிதும் வேறுபட்டாலும் விழும் நேரத்தில் வேறுபாடு மிகச் சிறிதே என்று எழுதினார். ஹாலந்து நாட்டு ஸ்டெவின், ஒன்று மற்றொன்றைப்போல் பத்து மடங்கு கனமுள்ள இரு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து பலகைமீது போடச் செய்தார். ஒரே ஓசை கேட்டது என 1586இல் அச்சிட்டார். கோபுரக் கதையின் ஒளியிலே இவர்களையெல்லாம் நாம் மறந்தோம்.

அப்படியாயின் கலிலியோவின் பெருமை எது? அவர் ஏறியது கோபுரமன்று, இறங்கியது ஆராய்ச்சியில். நேரே விழும் பொருளின் விரைவை அளக்க அன்று கடிகாரம் இல்லை. எனவே வீழ்ச்சியையே மெதுவாக்கினார்! ஏறத்தாழ 23 அடி நீளப் பலகை. அதிலே வழவழப்பான பள்ளம். பலகையைச் சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடியும் நீரைப் பிடித்து எடை போட்டார். நீரின் எடைதான் நேரத்தின் அளவு! ஒருமுறையன்று, நூறு முறை செய்ததாக எழுதுகிறார். கண்டது என்ன? நேரம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மும்மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. இயற்கை கணக்கிலே பேசிற்று!

இரண்டாம் கருத்தும் சரிந்தது. சரிவிலே இறங்கிய குண்டு, எதிர்ச்சரிவிலே ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச்சரிவைத் தாழ்த்தினால் இன்னும் நெடுந்தூரம் ஓடும். அதைச் சமதளமாக்கி, உராய்வையும் நீக்கினால்? நிற்பதற்குக் காரணமே இல்லை! "ஓட்டுவது எது?" என்று ஈராயிரம் ஆண்டு கேட்டனர். கேட்டிருக்க வேண்டியது, "நிறுத்துவது எது?" இப்பண்பையே இன்று நிலைமம் என்கிறோம்.

இக்கருத்து வெறும் குண்டு விளையாட்டன்று. "பூமி சுழன்றால், மேலிருந்து விழும் கல் பின்தங்க வேண்டாமா?" என்று பழமை கேட்டது. ஓடும் கப்பலின் பாய்மரத்திலிருந்து போட்ட கல், மரத்தடியிலேயே விழும். கப்பலின் ஓட்டம் கல்லுக்கும் உண்டு என்று விடையளித்தது 1632இல் வெளிவந்த கலிலியோவின் நூல். பரிசு? 1633 ஜூன் 22ஆம் நாள், ரோமாபுரியிலே, அறுபத்தொன்பது வயது முதியவர் மண்டியிட்டு, பூமி சுழல்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கப்பட்டார். பின் வீட்டுச் சிறை. கண்ணொளியும் மங்கிற்று. எனினும் அச்சிறையிலிருந்தே இயக்கத்தைப் பற்றிய பெருநூல் பிறந்தது. இத்தாலியில் அச்சிட வழியில்லை; 1638இல் ஹாலந்தின் லைடன் நகரிலே வெளிவந்தது. 1642இல் சிறைக்காவலிலேயே கலிலியோ மறைந்தார். நூல் மறையவில்லை. 1687இல் இங்கிலாந்தின் நியூட்டன் மூன்று விதிகளாக இயக்கத்தை வகுத்தார். பேருந்து சட்டென நின்றால் நாம் முன்சாய்வது முதல் விதி. அதே பேருந்தைத் தள்ள, மிதிவண்டியைத் தள்ளுவதைவிடப் பன்மடங்கு விசை வேண்டும் என்பது இரண்டாம் விதி. துடுப்பு நீரைப் பின்தள்ள, நீர் படகை முன்தள்ளுவது மூன்றாம் விதி.

1971 ஆகஸ்டு 2ஆம் நாள், காற்றே இல்லாத நிலவிலே, அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பருந்திறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. இதைப் பார்த்தவர் யார்? தொலைக்காட்சி வழியே உலகமே பார்த்தது!

மறுநாள் வகுப்பிலே அம்மாணவனை அழைத்தோம். கையிலே ஒரு நூலும், அதைவிடச் சிறிய தாளும் கொடுத்தோம். தனித்தனியே போட்டான், தாள் தயங்கித் தயங்கி வந்தது. தாளைக் கசக்கி உருட்டிப் போடச் சொன்னோம். நூலோடு ஒன்றாய் வீழ்ந்தது. தாளின் கனம் மாறவில்லை. காற்றின் தடைதான் குறைந்தது.

"இப்போது பார்த்தவர் யார்?" என்றோம்.

"நாங்கள்!" என்றது வகுப்பு.

தோழர்களே! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கலிலியோ நூறு முறை குண்டை உருட்டினார். பழமை சொன்னாலும் கேளுங்கள், புதுமை சொன்னாலும் கேளுங்கள், நாமே சொன்னாலும் கேளுங்கள்: "அதைப் பார்த்தவர் யார்?"