தொடுத்தபின் பேசிய கதைகள்

உதிரிப் பூவுக்கும் மணம் உண்டு. எனினும் நாரில் தொடுத்த பின்னரே அது மாலையாகிறது. சிறுகதைக்கும் இது பொருந்தும். தனித்தனியே படித்தபோது வேட்டை அனுபவங்களாகத் தோன்றிய கதைகள், ஒரே நூலாகக் கோக்கப்பெற்றதும் ஓர் அரசையே சினங்கொள்ளச் செய்த வரலாறு ரஷ்ய இலக்கியத்தில் உண்டு. அந்நூல் இவான் துர்கனேவின் ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’.

1847-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பீட்டர்ஸ்பர்கில் வெளிவந்த ‘சவ்ரெமென்னிக்’ இதழின் பல்சுவைப் பகுதியில் ‘ஹோரும் கலீனிச்சும்’ என்ற சிறு படைப்பு இடம்பெற்றது. இரு குடியானவர்களின் இயல்பை ஒப்பிட்டுக் காட்டும் சித்திரம் அது. ‘ஒரு வேட்டைக்காரனின் குறிப்புகளிலிருந்து’ என்ற துணைத்தலைப்பை, வாசகர் பொறுத்தருளட்டும் என்று கருதி இதழாசிரியர் பனாயெவ் சேர்த்தார். வாசகரோ பொறுத்ததோடு நில்லாமல், விரும்பியும் வரவேற்றனர். இலக்கியத்தையே கைவிட எண்ணியிருந்த துர்கனேவ், அவ்வரவேற்பினால் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். திறனாய்வாளர் பெலின்ஸ்கி, மக்களை இதுவரை எவரும் அணுகாத கோணத்தில் இவர் அணுகியிருக்கிறார் என்று பாராட்டினார்.

அடுத்த சில ஆண்டுகளில் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துப்பாக்கியும் நாயுமாகக் காடு மேடு சுற்றும் ஒரு நிலவுடைமையாளன் தான் கண்டதைச் சொல்கிறான். அவன் குரலே கதைகளை இணைக்கும் நார். மீனே இல்லாத ஆற்றில் மீன்பிடிப்பவனாக அமர்த்தப்பட்ட சுச்சோக் என்னும் முதியவனை அவன் காண்கிறான். எசமானர் மாறுந்தோறும் அவனுடைய தொழில் மாறியது. ஓர் எசமானி அவன் பெயரையும் மாற்றினாள். மது சூடாக்கப்படவில்லை என்பதற்காக, குரலை உயர்த்தாமலே பணியாளனைத் தண்டிக்கச் சொல்லும் நாகரிகப் பண்ணையாரையும் காண்கிறான். இரவில் குதிரை மேய்த்தபடி, தீ மூட்டிப் பேய்க்கதை பேசும் சிறுவர்களையும் காண்கிறான். எங்கும் முழக்கம் இல்லை. கண்டதைச் சொல்லி நகர்ந்துவிடுகிறான்.

ஆதலால் அக்கதைகள், சில இடங்களில் வெட்டுண்டும், தணிக்கையைக் கடந்தன. ஆனால் 1852-இல் 22 கதைகளும் ஒரே நூலாக மாஸ்கோவில் வெளிவந்தபோது நிலை மாறியது. ஒரு கதையில் ஒரு தீய எசமானர் தெரிந்தார். நூலிலோ ஒரு தீய முறையே தெரிந்தது. நூலுக்கு இசைவளித்த தணிக்கை அதிகாரி லிவோவ், ஜார் முதலாம் நிக்கலாயின் ஆணையால் பதவி இழந்தார். கோகோலுக்கு எழுதிய இரங்கலுரைக்காக அதற்குச் சற்று முன்னரே சிறைப்பட்ட துர்கனேவ், அப்போது தம் சொந்த ஊராகிய ஸ்பாஸ்கொயேயில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஜார் மறைந்த பின்னர், 1859-இல்தான் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

நூலைப் படித்த இளம் தல்ஸ்தோய், இதன்பின் எழுதுவது கடினமாயிருக்கிறது என்று 1853-இல் நாட்குறிப்பில் பதிந்தார். இரண்டாம் அலெக்சாந்தரின் உள்ளத்தையும் இந்நூல் தொட்டது என்னும் செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. 1861-இல் அவர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். அதற்குக் கிரிமியப் போரின் தோல்வியும், குடியானவர் கிளர்ச்சிகளும், பொருளாதாரத் தேவைகளும் காரணங்களாயின. ஒரு நூல் மட்டுமே விலங்கை ஒடித்தது என்பது மிகையாகும். விடுதலை பெற்றோரும் நிலத்துக்கான மீட்புத் தொகையை 49 ஆண்டுகள் செலுத்த வேண்டுமென விதிக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இக்கதைகளில் வாழும் குடியானவருள் மிகப் பலர் எழுத்தறியாதவர். அவர்கள் இந்நூலைப் படித்திருக்க இயலாது. படித்தவருள் பலர் அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர்களே. துர்கனேவும் அக்குடியில் பிறந்தவர். ஆயிரக்கணக்கான அடிமைகளை ஆண்ட கொடிய தாயின் மகன். தம் வீட்டு வாயிலில் நாள்தோறும் நின்ற மனிதரை, அவ்வாசகர் முதன்முறையாக நூலின் பக்கங்களில் கண்டனர். கதைகளைத் தொடுத்தவர் ஆசிரியர். அவற்றின் முழுப்பொருளைத் தம் மனத்துள் கூட்டிக் கண்டவர் வாசகர். கண்ட பின்னர், காணாதவர் போல் இருத்தல் அவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. இலக்கியம் செய்யவல்ல பணி அவ்வளவே. அது சிறிய பணியன்று.