கிறீன் வைத்தியர் ஊர் திரும்பிய பின்

1873ஆம் ஆண்டில் மானிப்பாயிலிருந்து ஓர் அமெரிக்கக் குடும்பம் தாயகம் நோக்கிப் புறப்பட்டது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அவர் மனைவி மார்கரெட், யாழ்ப்பாண மண்ணிலே பிறந்த குழந்தைகள். தளர்ந்த உடலோடு, மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் தாம் பிறந்த இல்லத்தை வைத்தியர் அடைந்தார்.

1847இல் அமெரிக்க மிஷனின் ஊழியராக வந்தவர் அவர். முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் உத்தியோகம் தேடிச் செல்ல, கிராமம் வைத்தியரின்றி நின்றது. அதைக் கண்டே அவர் தமிழுக்கு மாறினார்; மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார்.

ஊர் திரும்பியவர் ஓய்வு கொண்டாரா? இல்லை. பனி பெய்யும் அந்நகரிலிருந்தும் தமிழ்ப் பணி தொடர்ந்தது. ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. 1884இல் அவர் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே, அவர் விருப்பப்படி, கல்லறையில் பொறிக்கப்பட்டது.

மதம் பரப்புவதே அவர் நோக்கம், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மக்களின் மொழியிலே விஞ்ஞானம் என்னும் கொள்கை மதத்தைக் கடந்தது. அவர் சென்றபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது.

தன் நோயைப் பற்றிய குறிப்பைத் தானே வாசித்தறிய முடியாத உழவனுக்கு நாம் கூறும் விடை யாது? அந்நியர் ஒருவர் தொடங்கிய பணி, நம் கைகளுக்காக இன்னும் காத்திருக்கிறது.