ஃபுச்சியின் பத்தாண்டு

கணினிப் பாடப்புத்தகங்களில் தலைமுறை அட்டவணை ஒன்று தவறாமல் இருக்கும். முதல் தலைமுறைக்கு வெற்றிடக் குழாய், இரண்டாவதற்கு டிரான்சிஸ்டர், மூன்றாவதற்கு ஐசி, நான்காவதற்கு மைக்ரோபிராசசர். ஐந்தாவதற்கு வந்ததும் செயற்கை நுண்ணறிவு, எதிர்காலம் என்று பொத்தாம்பொதுவாக எதையாவது போட்டு முடித்திருப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் நான்கும் நடந்து முடிந்த பிறகு வைத்த பெயர்கள். ஐந்தாவது அப்படியில்லை. ஓர் அரசாங்கம் கெடு குறித்து, பணம் ஒதுக்கி, ஊரறிய முன்கூட்டியே அறிவித்த தலைமுறை அது. மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆசிரியனாக இருந்த காலத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தவன் நான். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

1981 அக்டோபரில் டோக்கியோவில் ஒரு சர்வதேச மாநாடு கூடியது. பத்தே ஆண்டுகளில் புதுவகைக் கணினி ஒன்றைக் கட்டப்போகிறோம் என்று ஜப்பான் அங்கே அறிவித்தது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மோட்டோ-ஓகா தலைமையிலான குழு தயாரித்த திட்டத்தில் பேச்சைப் புரிந்துகொள்வது, படத்தைப் புரிந்துகொள்வது, லட்சம் சொற்களைக் கையாண்டு 90 விழுக்காடு சரியாக மொழிபெயர்ப்பது எல்லாம் இருந்தன. விநாடிக்குப் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி அனுமானங்கள் வரை போடும் இயந்திரம் என்பது இலக்கு. அடுத்த ஏப்ரலில் ஐகாட் என்ற ஆய்வு நிலையம் பிறந்தது. பொறுப்பேற்றவர் கஜுஹிரோ ஃபுச்சி. அரசு ஆய்வகமான எலெக்ட்ரோடெக்னிக்கல் லேபரட்டரியின் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, என்இசி, மிட்சுபிஷி, தோஷிபா என்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த எட்டு நிறுவனங்களிடமிருந்து சுமார் நாற்பது பேரை வாங்கி ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்பாதீர்கள் என்பது அவர் போட்ட நிபந்தனை. வயது ஏறியவர்களுக்குப் பழைய கணினியின் பழக்கம் விடாது என்று நினைத்தார். மொத்தத் திட்டத்துக்கும் ஜப்பான் அரசு செலவழித்தது சுமார் 5,400 கோடி யென்.

உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது, அவர் தேர்ந்தெடுத்த மொழி. செயற்கை நுண்ணறிவு என்றால் லிஸ்ப்தான் என்று அமெரிக்கா இருந்த காலம் அது. ஃபுச்சி புரோலாக்கை எடுத்தார். 1972இல் பிரான்சின் மார்சே நகரில் ஆலன் கொல்மரோவரும் ஃபிலிப் ருசெலும், பிரெஞ்சு வாக்கியங்களைக் கணினிக்குப் புரிய வைக்கும் முயற்சியில் உருவாக்கிய மொழி அது. தர்க்கத்தையே நிரலாக எழுதலாம் என்ற அடிப்படையை எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கி கொடுத்திருந்தார்.

புரோலாக்கில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கட்டளை போடுவதில்லை. தெரிந்த செய்திகளை எழுதுவோம். அவற்றிலிருந்து வேறு செய்தியைப் பெறும் விதிகளை எழுதுவோம். பிறகு கேள்வி கேட்போம். விடைக்கு வழி தேடுவது இயந்திரத்தின் பாடு. எண்பதுகளின் கடைசியில் எங்கள் லேபுக்கு டர்போ புரோலாக் ஃப்ளாப்பியில் வந்து சேர்ந்தது. போர்லாண்ட் 1986இல் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் வகை அறிவிக்கச் சொல்லும் என்பதால், மார்சேயின் மொழியில் ஊறியவர்கள் அதைப் புரோலாக் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு வாய்த்தது அதுதான்.

பாடநூல்கள் குடும்ப உறவை வைத்துத்தான் இந்த மொழியைத் தொடங்குவது வழக்கம். ஆங்கிலப் புத்தகத்துக் குடும்பம் எங்கள் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. நான் முறை உறவைக் கையில் எடுத்தேன். கண்ணனின் தாய் மீனாட்சி. மீனாட்சியின் அண்ணன் ராமசாமி. ராமசாமியின் மகள் வள்ளி. தாயின் உடன்பிறந்தான் மகள் முறைப்பெண் என்று ஒரு விதி, தந்தையின் உடன்பிறந்தாள் மகளும் முறைப்பெண் என்று இன்னொரு விதி. கண்ணனுக்கு யார் முறை என்று கேட்டால் வள்ளி வருவாள். அதோடு நிற்காமல் இயந்திரம் திரும்பிப் போய் அடுத்த விதியையும் பார்த்து அத்தை மகள் செல்வியையும் கொண்டுவரும். கீழே இரண்டு விடைகள் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கை போடும். வள்ளிக்கு யார் முறைமாப்பிள்ளை என்று அதே விதியைத் திருப்பிக் கேட்டால் கண்ணன் வருவான். அதற்காகத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை. பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும், பெரிய எழுத்தில் தொடங்கினால் அதை மாறி என்று எடுத்துக்கொள்ளும். அதில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். ஒரு பையன் உடன்பிறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் பொதுவாக விதி எழுதிவிட்டான். சித்தப்பா மகள் பட்டியலில் வந்து நின்றாள். "டேய், அவ தங்கச்சிடா!" என்று லேபே எழுந்து நின்றது. விதி எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொன்ன விடைக்கு எந்தச் செய்தி, எந்த விதி காரணம் என்று படிப்படியாகக் காட்டக்கூடிய மொழி அது. ஃபுச்சி அதன்மேல் பத்தாண்டைப் பணயம் வைத்ததை நான் அன்றே புரிந்துகொண்டேன்.

ஆரவாரம் பெருத்தது ஜப்பானுக்கு வெளியே. ஸ்டான்ஃபோர்டின் எட்வர்ட் ஃபைகன்பாமும் பமீலா மெக்கார்டக்கும் 1983இல் 'ஐந்தாம் தலைமுறை' என்ற புத்தகம் எழுதி, அமெரிக்கா விழித்துக்கொள்ளாவிட்டால் அறிவுத் தொழில் முழுவதும் ஜப்பானுக்குப் போய்விடும் என்று எச்சரித்தார்கள். கார், டிவி, மெமரி சிப் என்று வரிசையாக அடி வாங்கியிருந்த தேசம் அதை நம்பியது. ஐபிஎம் ரகசியங்களை வாங்க முயன்றதாக ஹிட்டாச்சி, மிட்சுபிஷி ஊழியர்களை எஃப்பிஐ கைது செய்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. போட்டி நிறுவனங்கள் கைகோத்து டெக்சாஸின் ஆஸ்டினில் எம்சிசி என்ற கூட்டு ஆய்வகத்தைத் தொடங்கின. உளவுத்துறையில் உயர்பதவி வகித்த அட்மிரல் பாபி இன்மன் அதற்குத் தலைவர். அமெரிக்க ராணுவத்தின் டார்பா தனியாக ஒரு திட்டம் போட்டது. பத்தாண்டுக்கு முன் லைட்ஹில் அறிக்கையைக் காட்டி இத்துறைக்குப் பணத்தை வெட்டிய பிரிட்டன், ஆல்வி திட்டத்துக்கு 35 கோடி பவுண்டு என்றது. நம் மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு அறிவுசார் கணினித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சென்னை ஐஐடிக்கு எக்ஸ்பர்ட் சிஸ்டம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இணைக் கணிப்பு என்று பங்கு பிரித்தார்கள். நாற்பது இளைஞர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே இவற்றில் பெரும்பாலானவை நடந்தன.

அவர்கள் கட்டியது மெய்யான இயந்திரங்கள். முதலில் வந்த பிஎஸ்ஐ, மேசையருகே வைக்கும் தனியாள் கணினி. விநாடிக்குச் சுமார் 30 ஆயிரம் அனுமானம். அதன் இயங்குதளம் உட்பட எல்லாவற்றையும் தர்க்க மொழியிலேயே எழுதினார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கும். கடைசியில் வந்த பிம் வரிசையில் ஃபுஜிட்சு செய்ததில் 512 பிராசசர், மிட்சுபிஷி செய்ததில் 256.

ஆனால் ஆயிரம் பிராசசர்களை ஒன்றாக ஓட்ட வேண்டும் என்ற இலக்கு மொழியையே மாற்றிவிட்டது. இஸ்ரேலின் எஹுட் ஷபீரோ காட்டிய வழியில் ஐகாட்டின் கஜுனோரி உவேடா ஒரு புதிய வடிவம் வகுத்தார். அதிலிருந்து கேஎல்1 என்ற மொழி வந்தது. அதில் ஒரு விதியின் முன்நிபந்தனை பொருந்திவிட்டால் அந்த விதியோடு போக வேண்டியதுதான். திரும்பி வந்து அடுத்ததைப் பார்க்கும் வழக்கம் இல்லை. வள்ளி கிடைத்த பிறகு செல்வியைத் தேடிப் போன அந்தத் திரும்புதலை விட்டுக்கொடுத்துத்தான் இணைவேகத்தை வாங்கினார்கள். கேஎல்1 அழகான மொழிதான், மறுக்கவில்லை. ஆனால் புரோலாக்கை நம்பி வந்தவர்களுக்கு அது வேறு வீடு. திட்டத்தின் பெரிய சறுக்கல் இதுதான் என்பது என் தீர்மானம்.

இரண்டாவது சறுக்கல் சிப். ஒரு மொழிக்கென்றே தனி வன்பொருள் செய்வது அன்றைய மோகம். ஐகாட்டும் அந்த வழியில்தான் போனது. அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து கிளம்பிய சிம்பாலிக்ஸ், லிஸ்ப் ஓடுவதற்கென்றே ஏறக்குறைய லட்சம் டாலர் விலையில் கணினி விற்றது. உலகின் முதல் டாட் காம் முகவரி 1985இல் பதிவானது அதன் பெயரில்தான். அதே ஆண்டு இன்டெல் 386 வந்தது. பிறகு சன் நிறுவனத்தின் ஸ்பார்க். லட்சக்கணக்கில் விற்கும் பொதுச் சிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் ஏறின. சில நூறு மட்டும் செய்யும் தனிச் சிப்பை மறுபடி வடிவமைத்து முடிப்பதற்குள் பொதுச் சிப் தாண்டிப் போய்விடும். 1987இல் லிஸ்ப் கணினிச் சந்தை சரிந்தது. சிம்பாலிக்ஸ் 1993இல் திவால்.

1992 ஜூன் மாநாட்டில் ஐகாட் தன் இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்தது. மொழிபெயர்க்கும், பேசும் கணினி எங்கே என்று பத்திரிகைகள் கேட்டன. தோல்வி என்று எழுதின. எழுதிய மென்பொருளை ஜப்பான் அரசு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டது. பின்தொடர் பணியில் ஐகாட் ஆய்வாளர் சிகாயாமாவின் குழு, கேஎல்1ஐ சி மொழிக்கு மாற்றும் கிளிக் என்ற கம்பைலரைச் செய்தது. சாதாரண யூனிக்ஸ் கணினியில் அது ஓடியது. 1995இல் ஐகாட் மூடப்பட்டது.

இன்று செயற்கை நுண்ணறிவுக்கென்றே சிப் என்று எல்லா நாடும் ஓடுகிறது. ஆனால் இந்த அலை கிளம்பியது தனிச் சிப்பில் இல்லை. 2012இல் டொரோன்டோவின் கிரிஷெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் படங்களை இனம்காணும் வலைப்பின்னலுக்குப் பயிற்சி கொடுத்தது, வீடியோ கேம் ஆடுபவர்களுக்காகக் கடையில் விற்ற இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில். கேம் ஆடியவர்கள் கொடுத்த காசில் வளர்ந்த வன்பொருள் அது. ஃபுச்சிக்கு அப்படியொரு சந்தை கிடைக்கவில்லை.

புரோலாக் செத்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எரிக்சன் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொலைபேசி இணைப்பகத்துக்காக எர்லாங் மொழியை உருவாக்கியபோது முதல் வடிவத்தைப் புரோலாக்கில்தான் எழுதினார். வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை. தரவுத்தளத் துறையில் தர்க்க விதிகளைப் பெரிய அளவு தரவின்மேல் ஓட்டும் ஆராய்ச்சி எண்பதுகளில் சூடுபிடித்தது. விஸ்கான்சினில் கோரல் என்ற அமைப்பைக் கட்டியவர்களில் ரகு ராமகிருஷ்ணனும் எஸ். சுதர்ஷனும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். நம் கல்லூரிகளில் தரவுத்தளப் பாடத்துக்கு வைக்கும் தடித்த புத்தகத்தின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் இதே சுதர்ஷன். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 1999ஆம் ஆண்டுத் தரத்தில் சுழல் வினவல் சேர்ந்தது. ஓர் அலுவலகத்தில் ஒரு மேலாளருக்குக் கீழே, அவர்களுக்கும் கீழே என்று யார் யார் வேலை செய்கிறார்கள் என்று இன்று ஒரு மாணவி நாலைந்து வரியில் எழுதி எடுக்கிறாள். 1987இல் அதே கேள்விக்கு எங்கள் லேபில் டர்போ புரோலாக்கில் இரண்டு வரி போதும்.