பயிற்சியாளர் உல்மரின் மரணம்: ஐயமும் ஆராய்ச்சியும்

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், லைட் தெருவை ஒட்டிக் கடலோரமாகப் பரந்து கிடக்கும் பழைய விளையாட்டுத் திடலைப் பலரும் அறிவர். அதே தெருவில், சிறிது தொலைவில், உயர்நீதிமன்றம் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் தாம் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் கிரிக்கெட் ஆட்டத்தையும் தம் நீதிமுறையையும் உடன் கொண்டு சென்றனர். 1807ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட அரச சாசனத்தின் வழியே பினாங்கு ஆங்கில நீதிமுறையைப் பெற்றது. 1655இல் ஆங்கிலேயர் வசமான ஜமைக்காத் தீவிலும் அம்முறையே வேரூன்றியது. ஒருவர் திடீரென இறந்து, காரணம் விளங்காதபோது, சாட்சிகளைப் பொதுமன்றில் விசாரித்து உண்மை காண முயல்வது அம்முறையின் ஒரு கூறாகும். இதனை மரண விசாரணை என்பர். அதன் அருமை யாது என்பதை 2007ஆம் ஆண்டில் ஜமைக்காவில் நிகழ்ந்த ஒரு மரணம் உலகுக்கு உணர்த்தியது.

அவ்வாறு இறந்தவர் ராபர்ட் ஆண்ட்ரூ உல்மர் என்பவர். பாப் உல்மர் என்றே உலகம் அவரை அறியும். 1948ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இந்தியாவின் கான்பூர் நகரில் பிறந்தவர். அவர் தந்தையாரும் இந்திய மாநிலங்களுக்கிடையே நடைபெறும் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஆடியவரே. உல்மர் கென்ட் கோட்டத்திற்கும், பின்னர் 19 டெஸ்ட் ஆட்டங்களில் இங்கிலாந்துக்கும் ஆடினார். அவர் அடித்த மூன்று சதங்களும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடிக்கப்பட்டவை.

ஆயினும் ஆட்டக்காரர் என்பதைவிடப் பயிற்சியாளர் என்பதாலேயே அவர் பெரும்புகழ் எய்தினார். 1994இல் அவர் பயிற்றிய வார்விக்‌ஷர் அணி, அவ்வாண்டில் இங்கிலாந்துக் கோட்டங்கள் போட்டியிட்ட நான்கு கோப்பைகளில் மூன்றை வென்றது. அதே ஆண்டில் அவ்வணியின் பிரையன் லாரா ஆட்டமிழக்காமல் 501 ஓட்டங்கள் குவித்து உலகச் சாதனை புரிந்தார். லாரா முறியடித்தது, 1959இல் ஹனிப் முகமது கராச்சியில் எடுத்த 499 ஓட்டங்களையாகும். அந்த ஆட்டத்தைச் சிறுவனாக நேரில் கண்டவர் உல்மர் என்பது வியப்பான செய்தி. 1994 முதல் 1999 வரை தென்னாப்பிரிக்க அணியையும், 2004 முதல் பாகிஸ்தான் அணியையும் அவர் பயிற்றினார். கணிப்பொறியையும் உடலியல் அறிவையும் பயிற்சிக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

2007 மார்ச் 17ஆம் நாள், உலகக் கோப்பைப் போட்டியில், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் பாகிஸ்தான் அணி அயர்லாந்தை எதிர்த்தது. பாகிஸ்தான் 132 ஓட்டங்களில் சுருண்டது. அயர்லாந்து மூன்று விக்கெட்டுகளில் வென்றது. போட்டியிலிருந்து பாகிஸ்தான் வெளியேறியது. மறுநாட் காலை, பெகாசஸ் என்னும் தங்கும் விடுதியில், தம் அறையின் குளியற்கூடத்தில் உல்மர் உணர்வற்றுக் கிடக்கக் கண்டனர். மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 58.

மார்ச் 22ஆம் நாள் ஜமைக்காக் காவல்துறையினர் உல்மர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார் என அறிவித்தனர். அரசாங்க நோய்க்கூற்று மருத்துவர் ஏரே சேஷையா நடத்திய பிணப் பரிசோதனையே அதற்கு ஆதாரம். பாகிஸ்தான் ஆட்டக்காரர்களின் கைரேகைகளும் மரபணு மாதிரிகளும் எடுக்கப்பட்டன, அவர்கள் விசாரிக்கப்பட்டனர். எவர்மீதும் குற்றச்சாட்டு எழவில்லையாயினும், உலகெங்கும் ஊகங்கள் பரவின. தென்னாப்பிரிக்க அணித் தலைவராயிருந்த ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகர்களிடம் பணம் பெற்றதை 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டிருந்தார். அவ்வணியை முன்னர்ப் பயிற்றியவர் உல்மர் ஆதலால், சூதாட்டக் கும்பல்தான் அவரைக் கொன்றது என்று பலர் பேசினர். தோல்வியால் கொதித்தவர்களின் செயல் என்றும் சிலர் கூறினர்.

மூன்று திங்கள் கழிந்தன. முதற் பரிசோதனையின் முடிவுகளை பிரிட்டன், கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று வல்லுநர் தனித்தனியே மீளாய்வு செய்தனர். நாவின் அடியில் உள்ள சிறிய எலும்பு முறிந்திருந்தது என்பது முதற் பரிசோதனையின் முக்கியக் குறிப்பு. ஆனால் ஊடுகதிர்ப் படத்தில் அவ்வெலும்பு முறியவில்லை என்பது தெரிந்தது. ஜூன் 12ஆம் நாள், உல்மர் கொல்லப்படவில்லை, இயற்கையாகவே இறந்தார் என்றும், நஞ்சுண்டதற்கான சான்றும் இல்லை என்றும் காவல்துறையினர் அறிவித்தனர். அவர் நீரிழிவு நோயுடையவர். அவரது இதயமும் பெருத்திருந்தது.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. அக்டோபர் 16ஆம் நாள் மரண விசாரணை தொடங்கியது. பதினொருவர் கொண்ட நடுவர் குழு, ஐம்பத்தேழு பேரின் சாட்சியத்தை ஏறத்தாழ ஆறு வாரக் காலத்தில் கேட்டது. சேஷையா தம் கருத்திலிருந்து மாறவில்லை. பூச்சிமருந்து நஞ்சும் கழுத்து நெரிப்பும் சேர்ந்தே மரணத்தை விளைத்தன என்றார். அயல்நாட்டு வல்லுநர்கள் அதை மறுத்தனர். நவம்பர் 28ஆம் நாள் நடுவர்கள் அளித்தது திறந்த தீர்ப்பாகும். கொலை என்றோ, இயற்கை மரணம் என்றோ உறுதி கூறப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள்.

இத்தீர்ப்பு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. விடையே கூறாத விசாரணையால் என்ன பயன் என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடை, மார்ச்சு அறிவிப்பையும் நவம்பர்த் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புலனாகும். முன்னது நான்கே நாளில், ஒரே மருத்துவரின் முடிவை நம்பி, ஒரு நாட்டின் ஆட்டக்காரர் அனைவர் மீதும் ஐயம் விழுமாறு செய்தது. பின்னது முரண்பட்ட வல்லுநர் இருவகையாரையும் பொதுமன்றில் நிறுத்தி, குறுக்கு வினாக்களுக்கு உட்படுத்தி, அறிந்தது இவ்வளவே என்று அடக்கத்துடன் கூறியது.

ஆராயாது அளிக்கப்படும் தீர்ப்பின் கேட்டைத் தமிழருக்குச் சிலப்பதிகாரம் நன்கு காட்டியுள்ளது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்லச் செய்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. கிங்ஸ்டனில் ஊடுகதிர்ப் படம், அச்சிலம்பைப் போல், முதற் சொல்லை அசைத்தது. நல்வேளையாக அதற்குள் எவர் உயிரும் போகவில்லை. ஆனால் மூன்று திங்கள் வரை பலரின் மானம் ஊசலாடியது.

வரலாறு கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிகழ்ச்சியைச் சொல்லும்போது, யார், எந்த நாளில், எந்தச் சான்றைக் கொண்டு கூறினார் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். மார்ச்சுச் செய்தியை மட்டும் படித்தவர் கொலை என்பார். ஜூன் செய்தியை மட்டும் படித்தவர் இயற்கை மரணம் என்பார். முழுமையும் படித்தவரே தெரியாது என்று சொல்லும் துணிவு பெறுவார்.

உல்மர் தம் வாழ்நாளில் எழுதிவந்த கிரிக்கெட் கலை பற்றிய பெருநூல், அவர் இறந்தபின் 2008இல் வெளியாயிற்று. பாகிஸ்தான் அரசு அவர் மறைவுக்குப் பின் அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. மரணத்தின் ஐயத்தினாலன்றி, ஆற்றிய பணியினாலேயே அவர் பெயர் நிலைப்பது முறையாகும்.